லாரியும் அதன் காகிதங்களும்

லாரி என்பது இக்காலத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆடம்பரப் பொருள் அன்று. நூல் பேல்களை ஆலையிலிருந்து கொண்டுவரவும், நெய்த சேலை வேட்டிகளை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பவும், மஞ்சளையும் வாழைத்தாரையும் மண்டியில் சேர்ப்பிக்கவும் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் சங்கத்தின் காரியம் நடைபெறாது. லாரி வாங்குவதைப்பற்றி நிர்வாகக் கமிட்டிகள் நெடுநேரம் விவாதிக்கின்றன. விலை, வட்டி, மைலேஜ், டிரைவர் சம்பளம் ஆகிய அனைத்தும் ஆராயப்படுகின்றன. ஆனால் அந்த லாரியின் காகிதங்களைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது குமாஸ்தாவின் வேலை என்று விடப்பட்டுவிடுகிறது. பிறகு ஒரு நாள் விபத்து நேர்ந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து மறுப்புக் கடிதம் வரும்போதுதான், பீரோவைத் திறந்து பாலிசியை முதன்முதலாகப் படிக்கிறோம்.

அவ்வாறு வரும் மறுப்புக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். காகிதத்தில் ஒரு லாரி இருக்கிறது. வாசலில் வேறொரு லாரி நிற்கிறது. ஆர்.ஸி. என்று நாம் சொல்லும் பதிவுச் சான்று ஒரு வண்டியை வர்ணிக்கிறது. அதன் எஞ்சின் எண், சேசிஸ் எண், பாடியின் வகை, சுமையில்லாத எடை, சுமையுடன் கூடிய மொத்த எடை, உட்காரக்கூடியவர்களின் தொகை, சொந்தக்காரர் பெயர் ஆகியவை அதில் கண்டிருக்கின்றன. தகுதிச் சான்றும் பெர்மிட்டும் அந்த வர்ணனையை ஆதாரமாகக் கொண்டு தரப்படுகின்றன. இன்ஷூரன்ஸ் பாலிசியும் அதையே பிரதி செய்கிறது. வர்ணனைக்கும் வண்டிக்கும் இடையில் வித்தியாசம் தோன்றுமானால், அந்த வித்தியாசத்தின் விலையைக் கொடுப்பவர் சொந்தக்காரரே. சங்க லாரிக்குச் சொந்தக்காரர் சங்கம். ஆகவே பங்குத்தொகை கட்டிய அங்கத்தினர் அனைவரும்.

முதலில் இன்ஷூரன்ஸ் எதற்காகக் கட்டாயமாக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்வது நலம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென ஓர் அத்தியாயம் எழுதப்பட்டு, 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் இடத்தில் வந்த 1988-ஆம் ஆண்டின் சட்டமும் இக்கட்டாயத்தைத் தொடர்ந்தது. 2019-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இன்ஷூரன்ஸ் பற்றிய அத்தியாயத்தை முழுதும் புதிதாக எழுதியது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இத்தனை மாறுதல்களிலும் நோக்கம் மாறவில்லை. சாலையில் நடந்துபோகிறவன், சைக்கிளில் போகிறவன், எதிரே வரும் வண்டியில் இருப்பவன் ஆகியோர் நம் லாரியினால் உயிரோ அங்கமோ இழந்தால், நஷ்டஈடு தரச் சொந்தக்காரருக்குச் சக்தியில்லை என்ற காரணத்தால் அந்தக் குடும்பம் தெருவில் நிற்கக்கூடாது என்பதே அந்நோக்கம். இதனைத் ‘தேர்டு பார்ட்டி’ இன்ஷூரன்ஸ் என்கிறோம். இதற்குரிய பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு ரூ. 16,049, 12,000 கிலோ வரையில் ரூ. 27,186; 20,000 கிலோ வரையில் ரூ. 35,313. மொத்த எடை எவ்வளவு என்பதை வைத்தே பிரீமியம் பிரிக்கப்படுவதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் சொல்லப்போவதற்கு இது அவசியம்.

நம் லாரிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் ஆன இன்ஷூரன்ஸ் வேறு. அதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது சங்கமும் கம்பெனியும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். பாங்குக் கடனில் வாங்கிய வண்டியானால் கடன் கொடுத்தவர் வற்புறுத்துவார். இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் பெரிது. முதலாவதில், நம் பக்கம் தவறு இருந்தபோதிலும் பல சந்தர்ப்பங்களில் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நம்மிடம் திரும்ப வசூலிக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. இரண்டாவதில் ஒப்பந்த நிபந்தனையை மீறினால் கம்பெனி ஒரு காசும் தராமல் இருக்கலாம். முன்னதில் நாம் தப்பிவிட்டதாக நினைப்பது பிழை. கம்பெனி கொடுத்த தொகையை வசூலிக்கச் சங்கத்தின் கட்டடத்தையும் தறிகளையும் தேடி வரும் உரிமை அதற்கு உண்டு.

பாடி கட்டும் காலம்

கார் வாங்குகிறவருக்கு இல்லாத ஒரு தொல்லை லாரி வாங்குகிறவருக்கு உண்டு. பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வருவது சேசிஸ் மட்டுமே. நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ உள்ள பட்டறையில் அதைக் கொண்டுபோய் விட்டு, நமக்கு வேண்டிய பாடியைக் கட்டிக்கொள்கிறோம். பட்டறையில் ஏற்கனவே வண்டிகள் வரிசையில் நின்றால் மாதங்களும் ஆகலாம். அதுவரையில் வண்டிக்குத் தற்காலிகப் பதிவே உண்டு.

இவ்விடத்தில்தான் அலுவலகங்களின் சுற்று ஆரம்பமாகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிரந்தரப் பதிவு கேட்டால், இன்ஷூரன்ஸ் சான்று எங்கே என்பார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடம் போனால், பாடியின் விவரமும் மதிப்பும் எங்கே என்பார். பட்டறைக்காரரைக் கேட்டால், முழுப் பணமும் தந்தால் பில் தருவேன் என்பார். பணம் தரவேண்டிய பாங்கோ, பதிவுச் சான்றில் தன் பெயர் ஏறட்டும் என்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் விதியின்படி சரியாகவே பேசுகிறார்கள். நடுவில் குமாஸ்தா பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

இச்சுற்றிலிருந்து விடுபட ஒழுங்கு ஒன்று உண்டு. சேசிஸ் வாங்கும் நாளிலேயே அதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட வேண்டும். பாடி பூர்த்தியானதும் பட்டறையின் பில்லைக் கம்பெனிக்குக் கொடுத்து, பாடியின் மதிப்பையும் பாலிசியில் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்டு, அதற்குரிய அதிகப் பிரீமியத்தைக் கட்டி, சேர்ப்புச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், லாரி முற்றிலும் எரிந்துபோனாலும் சேசிஸுக்குரிய தொகை மட்டுமே கிடைக்கும். பாடிக்குச் செலவிட்ட லட்சங்கள் சாம்பல்தான். அடுத்தபடியாக, 22-ஏ என்ற பாரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். சாலையில் ஓடத் தகுந்தது என்று சேசிஸ் செய்த கம்பெனி ஒரு பகுதியிலும், பாடி கட்டியவர் மற்றொரு பகுதியிலும் சான்றளிக்கும் பாரம் அது. பாரத்தில் கையெழுத்திடத் தகுதியுள்ள, அங்கீகாரம் பெற்ற பட்டறைதானா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு அங்கீகாரமில்லாத இடத்தில் பாடி கட்டிவிட்டால், பதிவு அலுவலகத்தின் வாயிலில் அந்த லாபம் கரைந்துபோகும்.

தற்காலிகப் பதிவின் காலாவதித் தேதியைச் சங்கத்தின் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் தகும். அது முடிந்தபின் நிரந்தரப் பதிவில்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டுவது, ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவதாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் ஒரு விபத்து வழக்கிலும், 2021-ல் ஒரு திருட்டு வழக்கிலும் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டிலும் பிரீமியம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. பாலிசியும் நடப்பில் இருந்தது. ஆயினும் வண்டிக்காக ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆயினும் மிக உயர்ந்த கோர்ட்டின் தீர்ப்பு அவ்வாறிருக்கையில் சந்தேகத்தை நம்பி வண்டியை ஓட்ட முடியாது.

மாற்றியமைத்த லாரி

இனி, அதிகத் தொல்லைக்கு இடமான விஷயத்துக்கு வருவோம். நம் சரக்கில் ஒரு பகுதி எடை குறைந்தது, ஆனால் இடத்தை அடைப்பது. பஞ்சு, துணிக்கட்டு, வாழைத்தார் ஆகியவற்றை ஏற்றினால் எடை வரம்பை எட்டுமுன் பாடி நிறைந்துவிடுகிறது. ஆகவே பக்கப் பலகையை இரண்டு அடி உயர்த்தலாமா, பின்பக்கத்தை நீட்டலாமா, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டலாமா என்ற யோசனை எழுவது இயல்பே. சேலைகள் மழையில் நனைவதைக் கண்ட சங்கம், திறந்த பாடியை இரும்புத் தகட்டால் மூடிப் பெட்டியாக்க நினைப்பதும் இயல்பே. பட்டறையிலே இவற்றை இரண்டு நாளில் செய்து தருவார்கள். செய்யலாமா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

சட்டம் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைச் செய்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கும் வேற்றுமை ஏற்படும்படி சொந்தக்காரர் எவரும் வண்டியை மாற்றலாகாது என்கிறது. அடிப்படை அம்சத்தில் மாறுதலை உண்டாக்கும்படி அமைப்பை மாற்றுவதே ‘மாற்றம்’ என்று அந்தப் பிரிவே விளக்கமும் தருகிறது. 2000-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இவ்விதி இறுகியது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு இதனை உறுதிப்படுத்தியது. வர்ணம் மாற்றுவது, விதிகள் அனுமதிக்கும் சிறு பொருள்களைப் பொருத்துவது ஆகியவை தவிர, கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு இடமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டின் திருத்தச் சட்டம் தண்டனையையும் ஏற்படுத்தியது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் கணக்கிலேயே இருக்கிறது. பலகையை உயர்த்துகிறவர்கள் இதை நினைப்பதில்லை. பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடை 16,200 கிலோ என்றும், சுமையில்லாத எடை 6,000 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். சட்டப்படி ஏற்றக்கூடியது 10,200 கிலோ. உயர்த்திய பலகைக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் 400 கிலோ ஆகிறதென்றால், மொத்த எடை உயராதாகையால், ஏற்றக்கூடியது 9,800 கிலோவாகக் குறைகிறது. பஞ்சு ஏற்றும் நாளில் இதனால் நன்மை உண்டு. ஆனால் அதே லாரி உர மூட்டை ஏற்றும் நாளும் வரும். அன்று உயர்ந்த பலகையைக் கண்ட டிரைவர் இன்னும் இருபது மூட்டைக்கு இடமிருக்கிறது என்பார். வரம்புக்கு மேற்பட்ட பாரத்துக்கு ரூ. 20,000-மும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000-மும் அபராதம். மிகுந்த சரக்கை வழியிலேயே இறக்கிவைக்கும் செலவும் நம்முடையது. ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டுவதும் இத்தகையதே. சேசிஸ் தாங்கினாலும் பிரேக் தாங்குவது சந்தேகம். கம்பெனி குறித்த எடைக்கு ஏற்றவாறே பிரேக்கின் சக்தி அளவிடப்பட்டிருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது அந்தக் கணக்கு தெரியவரும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மாற்றத்தின் விளைவு இருவகை. நாம் முன்பு கூறியபடி, பிரீமியம் மொத்த எடையை அனுசரித்தது. அதிகம் ஏற்றுவதற்கென மாற்றிய வண்டிக்குக் குறைந்த எடைக்கான பிரீமியமே கட்டப்பட்டிருக்கிறதென்றும், தான் ஏற்ற ஒப்புக்கொண்ட அபாயம் வேறு, வாசலில் நிற்கும் அபாயம் வேறு என்றும் கம்பெனி வாதிக்கும். அன்றியும் மாற்றத்தைத் தெரிவிக்காதது முக்கியமான உண்மையை மறைத்ததாகும் என்றும் சொல்லும். சர்வேயர் வந்து முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணை. இரண்டாவதாகப் பதிவுச் சான்றையும் பாடியையும் ஒப்பிடுகிறார். அவர் குறிப்பில் ‘பாடி மாற்றப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், பின்னால் வரும் கடிதங்கள் அனைத்தும் அந்த வரியிலிருந்தே பிறக்கும்.

ஆகவே, இவ்விஷயத்தில் நமது யோசனை இதுதான். லாரிக்கு என்ன உயரம் வேண்டும், மூடிய பாடியா திறந்த பாடியா, பாதி நாள் துணியும் பாதி நாள் உரமுமா என்பவற்றையெல்லாம் பாடி கட்டுவதற்கு முன்பே கமிட்டி தீர்மானித்துவிட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் நீள அகல உயரத்துக்குள் நமக்கு வேண்டிய பாடியை ஆரம்பத்திலேயே கட்டி, அதையே பாரத்தில் காட்டி, அதையே பதிவுசெய்தால் ஒருவரும் குறை கூற இடமில்லை. பதிவுக்குப் பின் அந்தக் கதவு மிகவும் குறுகிவிடுகிறது. பின்னால் ஏதேனும் மாற்றம் இன்றியமையாததாயின், பட்டறைக்குப் போவதற்கு முன் பதிவு அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதி, அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். வாய்மொழியாகச் ‘செய்துகொள்ளுங்கள்’ என்று சொன்னவர் அடுத்த ஆண்டு வேறு ஊரில் இருப்பார். எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் தெரிவித்துச் சான்றில் பதிய வேண்டும். கடனில் உள்ள வண்டியானால் பாங்கின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுவது நல்லது. சான்றில் மாறுதல் ஏறியபின் அதன் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியிலும் ஏற்றச் செய்ய வேண்டும். இவ்வளவுக்குப் பிறகுதான் மாற்றம் முடிந்ததாகும்.

இச்சட்டம் சிறு சொந்தக்காரர்களுக்குக் கடினமானது என்பதை நாம் மறுக்கவில்லை. பஞ்சு ஏற்றும் வண்டிக்கும் கல் ஏற்றும் வண்டிக்கும் ஒரே அளவுகோல் வைப்பது விவேகமா என்பதைச் சட்டம் செய்வோர் ஆலோசிக்கலாம். இன்று பதிவு விவரங்கள் ‘வாகன்’ என்ற கணினித் தொகுப்பில் ஏற்றப்பட்டு, இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பதும் அங்கே தெரிகிறது. ஓர் அலுவலகத்தில் ஏறிய மாற்றம் மற்ற அலுவலகத்துக்குத் தானே போய்ச் சேரும்படி செய்தால், குமாஸ்தாவின் பஸ் கட்டணமாவது மிஞ்சும்.

சுமையின் மேல் உட்கார்ந்தவர்

கமிட்டியைக் கேட்காமலே நடப்பது ஒன்று உண்டு. அறுவடைக்கு ஆள்களை ஏற்றிச் செல்வதும், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லாரியைக் கொடுப்பதும், வழியில் கை காட்டியவரை மூட்டைமேல் ஏற்றிக்கொள்வதும் நம் பக்கத்தில் சகஜம். உதவி என்ற எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் விபத்து நேர்ந்தால் அவர்கள் குடும்பங்கள் அடையும் கதி கொடியது.

சரக்கு வண்டியில் போகும் வெற்றுப் பிரயாணிக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004 ஜனவரியில் மீண்டும் அதனை வலியுறுத்தியது. 1994 நவம்பரில் வந்த திருத்தத்தின்படி, ஏற்றிய சரக்கின் சொந்தக்காரருக்கும் அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட பிரதிநிதிக்கும் பாதுகாப்பு உண்டு. அவரும் கேபினில் இருக்க வேண்டும், மூட்டையின்மேல் அன்று, என்று பின்னொரு தீர்ப்பு விளக்கியது. ஆகவே நூல் பேலுடன் செல்லும் அங்கத்தினர், சங்கத்தின் அதிகாரக் கடிதம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிரைவரின் பக்கத்தில் உட்கார வேண்டும். பதிவுச் சான்றில் எத்தனை பேருக்கு இடம் குறித்திருக்கிறதோ அத்தனை பேரே உட்காரலாம். ஏற்றி இறக்கும் கூலியாட்களைச் சங்கம் தானே அமர்த்தி அனுப்புமானால், அவர்களுக்கென அதிகப் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்க்க வசதி உண்டு. தொகை அற்பமே. கேட்டால்தான் ஏஜெண்டு சொல்வார்.

டிராக்டர் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். டிராக்டரில் டிரைவர் ஒருவருக்கே ஆசனம். மட்கார்டின்மேல் உட்கார்ந்தவர் விழுந்து சக்கரத்தில் அகப்பட்டால், கம்பெனி அவரைத் தன் கணக்கில் சேர்க்காது. டிரெய்லருக்கும் பதிவு தனியே வேண்டும். அதன் இன்ஷூரன்ஸையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். சொந்த விளைச்சலுக்கென விவசாய உபயோகத்துக்குப் பாலிசி எடுத்துவிட்டு, வாடகைக்குச் செங்கல் அடித்தால் உபயோக நிபந்தனை மீறப்பட்டதாகும். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து சரக்கு ஏற்றப் பயன்பட்டால் அது சரக்கு வண்டியே என்றும், பெர்மிட் வேண்டுமென்றும் 2005-ல் கர்நாடக வழக்கொன்றில் தீர்ப்பானது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்ற விலக்கு சட்டத்தில் இருக்கிறது. சிறு வண்டி வாங்க நினைக்கும் சங்கங்கள் அதைக் கருத்தில் கொள்ளலாம்.

எல்லா மீறல்களும் முழு மறுப்பில் முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சரக்கு வண்டியில் அனுமதித்த தொகைக்கு மேல் சிலர் ஏறியிருந்த ஒரு வழக்கில், விபத்துக்கு அவர்கள் ஏறியது காரணமன்று என்பதால் வண்டியின் சேதத்துக்கு ஈடு மறுக்கலாகாது என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. உபயோக நிபந்தனை மீறலில் கோரிக்கையை அடியோடு தள்ளாமல், 75 சதவிகிதம் வரையில் தந்து தீர்க்கும் வழக்கத்தை 2010-ல் ஒரு தீர்ப்பு எடுத்துக்காட்டியது. டிரைவர் லைசென்ஸைப்பற்றிய பழைய தகராறும் ஓய்ந்துவிட்டது. இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு தீர்த்துவிட்டது. கம்பெனியின் கடிதத்தில் லைசென்ஸைக் காரணம் காட்டியிருந்தால், இத்தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதில் எழுதலாம்.

பழைய லாரியை விற்கும்போது

சங்கம் பழைய லாரியை ஏலத்தில் விற்கிறது. பணம் வரவு வைக்கப்படுகிறது, ரசீது கொடுக்கப்படுகிறது, மினிட் புத்தகத்தில் தீர்மானம் எழுதப்படுகிறது. வாங்கியவர் வண்டியை ஓட்டிச் சென்றுவிடுகிறார். பதிவுச் சான்றில் சங்கத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ ஓடுகிறது. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்த வழக்கில் இவ்வாறே ஒரு கார் பலர் கை மாறியிருந்தது. பதிவில் பெயர் மட்டும் மாறவில்லை. பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. வண்டியைத் தொட்டு ஆண்டுகளானவர் பணம் கட்ட நேர்ந்தது.

விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒரே மாநிலத்துக்குள் விற்பனைக்குரிய விதி. 29, 30 என்ற பாரங்கள் அதற்குரியவை. வாங்கியவர் செய்வார் என்று விடாமல், பெயர் மாறும் வரையில் விலையில் ஒரு பகுதியை ஈடாக வைத்துக்கொள்ளும் நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே சேர்க்கலாம் என்பது நமது கருத்து. வாங்குகிற பக்கத்தில் நாம் இருந்தால், பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு தானே வரும். வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு வராது என்று 1996-லேயே தீர்ப்பாகியிருக்கிறது.

ஈடு கேட்கும்போது

விபத்து நேர்ந்தால் போலீசுக்கும் கம்பெனிக்கும் அன்றே தெரிவித்து, சர்வேயர் பார்க்கும் வரையில் வண்டியைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். பழுது பார்த்த பில் முழுதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. தேய்மானக் கழிவு இல்லாத விசேஷப் பாலிசி எடுத்திராவிட்டால், ரப்பர், நைலான், பிளாஸ்டிக் சாமான்கள், டயர், பாட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையே தருவது வழக்கம். மரப் பலகைக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு. இதைக் கம்பெனியின் மோசடி என்று எண்ணிக் கடிதம் எழுதுவதில் பயனில்லை. மாறாக, சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்கி, அதில் விட்டுப்போனவற்றைக் குறித்து எழுதுவதில் பயன் உண்டு.

மறுப்பு வந்தால், அது எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும். தனி அங்கத்தினரின் சொந்த வண்டியானால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். அந்த வழி பெரும்பாலும் தனிநபர்களுக்கென ஏற்பட்டது. சங்கத்தின் பெயரில் உள்ள பாலிசிக்கு நுகர்வோர் ஆணையமே தகுந்த இடம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நபர்’ என்ற சொல் கூட்டுறவுச் சங்கத்தையும் உள்ளடக்கும். சங்கம் வியாபாரம் செய்கிறது, ஆகவே நுகர்வோர் அன்று என்ற வாதம் கம்பெனியின் தரப்பில் எழும். நஷ்டத்தை ஈடு செய்துகொள்வதற்காக எடுக்கும் பாலிசி லாபம் சம்பாதிக்கும் வியாபாரம் ஆகாது என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்துக்குப் பதில் கூறியிருக்கிறது. புகார் கொடுக்க இரண்டாண்டு கால வரம்பு உண்டு. கம்பெனியுடன் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தில் அந்த வரம்பைக் கடந்துவிடாமல், மறுப்புக் கடிதம் வந்த தேதியைச் சங்கத்தின் தபால் புத்தகத்தில் அன்றே பதிந்து வைக்க வேண்டும்.